ஜலசந்தி அண்ணாச்சி

ராஜபாளையத்தில் பொய் சொன்னவனெல்லாம் சௌகரியமாக வாழ்ந்தான். உண்மை சொன்ன ஒரே மனிதரைத்தான் ஊரே சேர்ந்து ஓட்டு ஓட்டென்று ஓட்டியது. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருமுனையில் டீக்கடை போட்டவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கு ஞாபகம்? ஜலசந்தி அண்ணாச்சி, அவ்வளவுதான். படித்த எட்டாம் வகுப்பில் அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அது.

கிளாஸை நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவார். "ரெண்டு தீவுக்கு நடுவுல ஒரு ஜலசந்தி. நம்ம கண்மாய் கணக்கா அலையே கிடையாது. திமிங்கிலம் குட்டியோட அங்கதான் வந்து தங்கும். சனம் டிக்கெட் எடுத்து, போட்டுல போயிப் பாக்கும்."

"எம்புட்டுப் பெருசு அண்ணாச்சி?"

"நம்ம டவுன் பஸ்ஸு ஒண்ணரை."

"மீனு குட்டி போடுமாக்கும்?"

"போடும். பாலும் குடுக்கும்."

"அப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புங்க, பால்கோவா கிண்டட்டும்!"

கடையே சிரிக்கும். "சிரிங்கலே! நான் கண்ணால பாத்தவன்" என்பார். ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்க மாட்டார்.

முப்பத்தெட்டு வயதில், அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு ஒரு வரன் படிந்தது. இதை விட்டால் வேறு வராது என்று எல்லாருக்கும் தெரியும். தட்டு மாற்றப் போனோம். பெண்ணின் அப்பா தட்டைத் தொடவேயில்லை.

"மாப்பிள்ளைக்கு ஜெயசாந்தின்னு ஒரு பொம்பளையோட பழக்கமாம்ல? தீவுல வச்சிருக்காராம். குட்டி வேற இருக்காம்!"

நான் அண்ணாச்சியின் தொடையைக் கிள்ளினேன். "எல்லாம் சும்மா கப்சான்னு சொல்லிருங்க!"

அவர் எழுந்தே விட்டார். "கல்யாணம் நின்னா நிக்கட்டும். இருக்கிறத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஜலசந்தி இருக்கு!"

"அப்ப கிளம்புங்க" என்றார் பெண்ணின் அப்பா.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, அது பொம்பளை இல்ல. ரெண்டு நிலத்துக்கு நடுவுல கிடக்கிற கடலு. பூகோளப் புஸ்தகத்துல இருக்கு." செத்த நேரம் கழித்து, "திமிங்கிலம் பக்கத்துல வந்தப்ப அவியளுக்குப் பயமா இல்லியான்னு கேளுங்கப்பா."

அத்தனை வருஷம் டீ குடித்த எங்களில் ஒருவனும் கேட்காத கேள்வி. அவ்வளவு நேரம் விறைத்து நின்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்துட்டேன். கையில இருந்த கரண்டியக் கடல்ல போட்டுட்டேன்."

தட்டு மாறியது.

ஊரிலேயே அவரைப் பார்த்து அதிகம் சிரித்தவன் நான்தான். அந்தக் கரண்டி விழுந்த இடத்தை அவரோடு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போது ஆசைப்பட்டேன். இன்னும் ஆசை போகவில்லை.