அரைக்கண்ணு அண்ணனும் வெளியூர் முகவரியும்

காஞ்சிபுரத்தில் தூங்கிக்கொண்டே வேலை பார்த்து நல்ல பெயர் வாங்கியவர் அரைக்கண்ணு அண்ணன் ஒருவர்தான். நான் புகார் ஃபோன் எடுக்கும் கேபிள் ஆபீசில் இன்டர்நெட் அவர் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையே ரூட்டராக்கி, எங்கள் பேட்டை முழுவதையும் அதன் வழியாக ஓட்டினார். அதன் எதிரே கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பார்.

"தூங்குறியாண்ணா?"

"யாரு யாரு போறாங்கன்னு பார்த்துக்கினு இருக்கேன்பா."

பெட்டியின் விசிறிச் சத்தத்தை வைத்தே, "மூணாவது வூட்ல கிரிக்கெட்டு ஓடுது" என்பார். கூச்சத்தை விட்டு ஒருமுறை அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கிரிக்கெட்டுதான்.

பேட்டைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி உண்டு. வெளியே போனால் எல்லோருக்கும் ஒரே பொது முகவரி. போக வர, ஒவ்வொரு தகவல் துணுக்குக்கும் முகவரியை மாற்றி எழுதுவது அந்தப் பெட்டியின் தலையெழுத்து.

கருடசேவை விடியலில் பெட்டி திணறியது. பட்டுச்சேலை விற்கும் கல்பனா அக்கா ஃபோன் செய்தார். அமெரிக்காவிலிருந்து கல்யாணப் பெண் ஒருத்தி வீடியோவில் முகூர்த்தச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"நான் காட்டுறது தனியா நெஞ்சு சேத்த கோர்வைப் பார்டரு. அவங்களுக்குப் பெட்ஷீட்டு மாரி கட்டம் கட்டமாத் தெரியுதாம்பா. வேற கடைக்குப் போயிடப் போறாங்க."

அண்ணனை உலுக்கினேன்.

"இருப்பா. எல்லாம் நம்ம மாடில இருந்து கெளம்பி நம்ம பேட்டைக்கே போவுது."

ஊர்வலம் காட்ட மாடியில் நாங்களே கேமரா வைத்திருந்தோம். வாசலில் நின்றால் தெரியும் சாமியை, பேட்டையே ஃபோனில் பார்த்தது. ஆனால் கேமராவுக்குக் கொடுத்திருந்தது வெளியே போகிற அந்தப் பொது முகவரி. பக்கத்து வீட்டுக்குப் போகிற படத்துக்கும் பெட்டி விடாமல் முகவரி மாற்றிக்கொண்டிருந்தது.

"நம்ம வூட்டாளுக்கு எதுக்குப்பா வெளியூர் வேஷம்? யாரு குடுத்தது?"

"நீதாண்ணா."

"தூக்கத்துல குடுத்திருப்பேன்."

பேட்டைக்குள் இருப்பவர்களுக்கு உள் முகவரியே கிடைக்கும்படி ஏதோ தட்டினார். ஒரு கணம் எல்லா ஃபோன்களிலும் ஊர்வலம் மறைந்து, மறுபடி வந்தது. பெட்டியின் இரைச்சல் தணிந்து, தூரத்து வண்டு போல் முனகியது.

கல்பனா அக்கா மறுபடி கூப்பிட்டார். "சேலைய எடுத்துட்டாங்கப்பா. அண்ணனுக்கு என்னா வேணும்னு கேளு."

கேட்டேன். அண்ணன் திரையில் ஓடும் ஊர்வலத்தைக் காட்டினார்.

"கருடசேவைய நேர்ல பார்த்ததே இல்லப்பா. வருஷா வருஷம் பெட்டியோடவே போயிடுது."

"நீ போண்ணா. நான் பார்த்துக்கறேன்."

போனார். திரையில் குடைகள் அசைய, கருடன்மேல் பெருமாள் மிதந்து வந்தார். நான் கூட்டத்தில் அண்ணனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.