ஆவரேஜ் சாரின் ஆடாத முள்

பம்பாய் நகரத்தில் ஆவரேஜ் சாரைவிட அதிகமாகக் கணக்குப் போட்டு, அவரைவிடக் குறைவாக உருப்பட்டவர் ஒருவரும் கிடையாது.

மாதுங்கா மெஸ்ஸில் ஒருநாள் சாம்பாரில் உப்பே இருக்காது. மறுநாள் உப்புக் கரிக்கும். நாங்களெல்லாம் சமையல்காரரோடு மல்லுக்கு நிற்போம். ஆவரேஜ் சார் மட்டும் சொட்டு விடாமல் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு நாளையும் சேத்துப் பாரும் ஓய், சரியா இருக்கு!" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் டெஸ்ட் ரூமில் டெம்பரவரி. வேலை நிரந்தரமானால் ஓர் அறை பிடித்து, இரண்டு வருஷமாகப் பாலக்காட்டில் காத்திருக்கும் மனைவியை அழைத்து வரலாம். அதற்கு ஒரே ஒரு சோதனையில் தேற வேண்டும். கரண்டை வெட்டி வெட்டித் துடிப்பாக அனுப்பும் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். துடிப்பு அகலமானால் வோல்டேஜ் ஏற வேண்டும், குறுகினால் இறங்க வேண்டும். ஆனால் வெட்டு எதுவும் வெளியே தெரியாமல் மீட்டர் முள் ஆடாமல் நிற்க வேண்டும்.

"இதென்ன பிரமாதம்?" என்றார் ஆவரேஜ் சார். "குழாயை ஒருத்தன் தெறந்து தெறந்து மூடறான்னு வெச்சுக்கும். கீழே ஓட்டை வாளி. தண்ணி விட்டு விட்டு விழுந்தாலும் வாளியிலே மட்டம் ஒரே அளவா நிக்குமோல்லியோ? கரண்டைப் பிடிச்சு வெக்கற கண்டென்சர்தான் ஓய் வாளி!"

வாளி நின்றது, மட்டம் நிற்கவில்லை. மீட்டர் முள் மலேரியா வந்தவன் மாதிரி நடுங்கியது. "இன்னும் பெரிசா ஒண்ணு குடும்" என்று தினமும் ஸ்டோர்ஸுக்கு வந்தார். திங்களன்று விரல் அளவு, புதனன்று வாழைக்காய் அளவு, வெள்ளியன்று ஊறுகாய் ஜாடி அளவு. கேட்டதையெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மானேஜர் வந்தார். "சாலூ கரோ" என்றார். ஆவரேஜ் சார் ஸ்விட்சைப் போட்டார். முள் ஆடவில்லை. ஏறவும் இல்லை.

அவருக்கு வியர்த்துவிட்டது. "சாப், பால்டி படா ஹை! பர்னே மே டைம் லகேகா!" வாளி பெரிசு, நிரம்ப நேரம் பிடிக்கும் என்று இந்தியில் கெஞ்சினார்.

"பால்டி? கௌன்சா பால்டி?" மானேஜர் மேஜைக்கு அடியில் குனிந்து வாளியைத் தேடினார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாகல்" என்று பைத்தியப் பட்டம் கட்டிவிட்டு வெளியே போனார். பெரிய கண்டென்சர் நிரம்புவதற்கு நேரமாகும் என்பது எனக்கும் தெரியும். கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

முள் மெள்ள மெள்ள நகர்ந்து, வரவேண்டிய ஐந்து வோல்ட்டில் வந்து நின்றது, ஆடாமல், அசையாமல்.

"வந்துடுத்து ஓய்! பாரும், எப்படி நிக்கறது!"

"சார், அவரைக் கூப்பிடட்டுமா?"

"அவர் ஜீப் கெளம்பிப் போற சத்தம் கேக்கலையா உமக்கு?"

திங்களன்று அவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். போகும்முன் அந்தப் பெரிய கண்டென்சரை வேட்டி நுனியால் துடைத்து என் மேஜையில் வைத்தார். "இத்தனை சாமான் குடுத்தியேன்னு கம்பெனியிலே உம்மை ஒண்ணும் கேக்கமாட்டாளே?" என்று விசாரித்தார். மனைவிக்கு என்ன எழுதப்போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜீப்புக்குக் குறுக்கே போய் விழுந்தாவது நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நல்ல மனிதருக்காக ஒரு நிமிஷம் ஓடாமல் போனேனே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.