தொடுதிரையின் சமூகத் தாக்கம்

இந்தக் கதையின் முடிவில் ஒரு சிரிப்பு வழங்கப்படும். யாரும் முண்டியடிக்க வேண்டாம். முதலில் சிரிக்கும் உரிமை முனைவர் இனியனுக்கே உரியது. அவருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. புரியும்வரை வாசகப் பெருமக்கள் வாயை மூடி ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இனியன், மனிதனும் கணினியும் பழகும் விதத்தை ஆராய்பவர். மனிதனும் மனிதனும் பழகும் விதம் வேறு துறை. அதில் அவர் தலையிடுவதில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம், வேப்பமரத்தடியில், மழைத்தண்ணி ஏறாதபடி சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் ஒரு தொடுதிரைப் பெட்டியை நிறுவினார். தொட்டால் கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, பஸ் எங்கே என்று சொல்லும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பௌர்ணமியன்று ஆய்வுக் குழுத் தலைவர் இராமலிங்கம் நேரில் வருவதாக இருந்தது. பெட்டிக்குச் 'சமூகத் தாக்கம்' இருந்தால் இனியன் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டி பழைய இரும்புக்கு, இனியன் வீட்டுக்கு. எத்தனை பேர் தொட்டார்களோ அத்தனை தாக்கம் என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லியிருந்தது. தொடுவதை எண்ண, பெட்டிக்குள் தனி பேட்டரியில் ஒரு கருவி ஓடியது.

முதல் வாரம் ஆடு மட்டும் உரசிவிட்டுப் போனது.

அப்புறம் ஒரு மழையில் கரண்ட் போய், திரை கன்னங்கரேலென்று ஆனது. இனியன் மின்வாரியத்துக்கு மனு எழுதினார். எழுதிக்கொண்டே கருவியைப் பார்த்தார். தொடுகை எகிறிக்கொண்டிருந்தது! மனுவைக் கிழித்துப் போட்டு அறிக்கையில் எழுதினார்: "பயனர்கள் இருண்ட திரையையே பெரிதும் விரும்புகின்றனர்."

அடுத்த நாள் பெட்டியின் பொத்தானில் குங்குமம். 'பயனர்களே பொத்தானுக்கு வண்ணக் குறியீடு செய்துள்ளனர்.' அதற்கடுத்த நாள் நெற்றிப் பகுதியில் வெள்ளையாக மூன்று கோடுகள். இனியனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தச் செல்போனிலும் மெனுவுக்கு மூன்று கோடுதானே? யாரும் சொல்லித்தராமல் மக்களே மெனு வரைந்துவிட்டார்கள்!

மாதம் ஒன்று போனதும் பேட்டி எடுக்கக் கிளம்பினார். மாசாமாசம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் தங்கம்மாள் அகப்பட்டார்.

"அம்மா, இந்தப் பெட்டி எப்படி இருக்கு?"

"இன்னா சார், பெட்டி கிட்டின்னுக்கிட்டு! அவருக்கு இன்னா, நல்லா இருக்காரு."

அவரு! இயந்திரத்துக்கு மரியாதை விகுதி! வெளிநாட்டு மாநாட்டுக் கட்டுரை ஒன்று இனியன் கண்முன் விமானம் ஏறியது.

"கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதா?"

"கிடைக்காம? போன மாசம் கேட்டேன். பொண்ணுக்குச் செய்யாறுல மாப்பிள்ளை அமைஞ்சுட்டான்."

'பஸ் தகவல் வழியே திருமணம்' என்று குறித்துக்கொண்டார்.

"லேட் ஆவுதாம்மா?"

"மனசு சுத்தமா இருந்தா ஜல்தியா குடுப்பாரு. அழுக்கா இருந்தா லேட்டுதான்."

'உள்ளீடு சுத்தமெனில் வெளியீடு விரைவு. பயனர் இதைத் தாமாகவே உணர்ந்துள்ளார்.'

பௌர்ணமி வந்தது. கோயிலை முடித்துக்கொண்டு இராமலிங்கமும் வந்தார். வேப்பமரத்தடியில் செருப்பை விட்டார்.

"என்னய்யா, திரை இருட்டா கிடக்கு?"

"டார்க் மோட் சார். இப்ப அதான் ஃபேஷன்."

தெரியாது என்று சொல்லும் அதிகாரம் தலைவருக்கு வழங்கப்படவில்லை. "தெரியும், தெரியும். என் பையன்கூட அதான் வெச்சிருக்கான்."

இனியன் கருவியைத் திறந்து எண்ணிக்கையைக் காட்டினார். தலைவரின் புருவம் ஏறியது. தானே சோதித்துப் பார்க்கப் பெட்டியை நெருங்கினார்.

"யோவ், வெள்ளைச் சட்டை! வரிசையில வாய்யா!" என்றது கூட்டம்.

தலைவர் வரிசையில் வந்தார். தொட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அதில் 'பையன்', 'விசா' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இனியன் காதில் விழுந்தன. திரும்பி வந்து பையிலிருந்து உத்தரவை எடுத்தார்.

"தாக்கம் பிரமாதம். உங்க வேலை நிரந்தரம். ஆனா இது ஒண்ணு மட்டும் பத்தாது. இன்னும் ஏழு வைங்க. மலையைச் சுத்தி, திசைக்கு ஒண்ணு."

"ரொம்ப நன்றிங்க சார்! அது... கணக்கா ஏன் சார் எட்டு?"

தலைவர் அவரை வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கிரிவலப் பாதையில எட்டுத் திசைக்கும் இன்னாய்யா இருக்கு?"

"எட்டு லிங்..."

வாய் பாதியில் நின்றது. இனியன் தலைவரின் நெற்றியைப் பார்த்தார். மூன்று கோடு. பெட்டியைப் பார்த்தார். அதே மெனு. மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால். மற்றவர்கள் விடுகிறார்களே என்று வேப்பமரத்தடியில் அவரும் தினமும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்தார்.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. உத்தரவு இன்னும் தலைவர் கையில் இருந்தது.

"முன்னாடி நவுரு சார், பின்னாடி ஜனம் நிக்குதில்ல!" என்றார் தங்கம்மாள்.

இனியன் சிரிப்பை விழுங்கினார். பெட்டியைத் தொட்டு, பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.