ஒரு தட்டு நில், ரெண்டு தட்டு போ

சென்னையில் ஜாஸ் குழுவோடு மேடையேறி, முந்நூறு பேர் முன்னால் கவிதை வாசித்த ஒரே போடிநாயக்கனூர் ஜீப் டிரைவர் நான்தான்.

இதில் முந்நூறு பேர் என்பது பொய். டீ கொடுத்தவரையும் சேர்த்தால் அறுபது பேர் இருப்பார்கள். வாசித்தேன் என்பதும் பொய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் விடவில்லை, அதுதான் விட்டது.) பஸ் போர்டை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊரான சிலமலையைத் தாண்டியிருக்கும். கவிதையும் என்னுடையது இல்லை, என் மகள் சுகந்தி எழுதியது. மேடை ஏறியது மட்டும் உண்மை. இறங்கியது ஒரு தனிக் கதை.

இதைப் போனில் பேசி அனுப்புகிறேன். ஜீப் ஸ்டாண்டில் ஆள் சேரும் வரை எனக்கு வேறு சோலி இல்லை. சுகந்தி இதைத் திருத்தி எழுதிவிடுவாள். எந்த இடத்திலாவது நான் அறிவாளியாகத் தெரிந்தால் அது அவள் கைவரிசை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேற வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் கூடையும் தூக்குச்சட்டியும்தான் தெரியும். என் மனைவி பாண்டியம்மாளும் அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கேயோ இருப்பாள். அதனால் பின்னால் இருப்பவர்களுக்கும் எனக்கும் ஒரே பாஷைதான், தட்டு. ஜீப்பின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். ரெண்டு தட்டினால் போக வேண்டும். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், எதிரே லாரி வந்திருக்கிறது, பின்னால் இடம் இருக்கிறது, ரிவர்ஸில் வா, வா, வா. அப்புறம் பலமாக ஒரே தட்டு விழுந்தால் அதற்கு மேல் பள்ளம்.

இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். தட்டு விழுந்தால் என் கால் என்னைக் கேட்காமலே கீழ்ப்படிந்துவிடும். நான் இதுவரை பள்ளத்தில் விழாததற்கு அதுதான் காரணம். சென்னையில் விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

சுகந்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவு நாட்களில் கவிதை. அவளும் டேவிட், நவீன் என்று இரண்டு பையன்களும் ஒரு குழு. டேவிட் டிரம்ஸ் அடிப்பான். நவீன் சாக்ஸபோன் ஊதுவான். அவர்கள் வாசிக்க வாசிக்க இவள் நடுவில் நின்று கவிதை சொல்வாள். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருநாள் போனில் கேட்டேன்.

"யாரு என்ன வாசிக்கப் போறாங்கன்னு முழுசா முன்னாடியே முடிவு பண்ண மாட்டாங்கப்பா. ஒருத்தர் போற போக்கப் பாத்து மத்தவங்க வளைஞ்சு குடுக்கணும். யாரும் யாரையும் இடிக்கக் கூடாது."

"இதத்தானே ஆத்தா நான் போடிமெட்டு ரோட்டுல தெனம் பண்றேன்" என்றேன்.

அவர்களுக்கு ஒரு சின்ன அரங்கத்தில் இடம் கிடைத்திருந்தது. அதை நடத்துகிற மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் முதல் ஞாயிறு இவர்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் காத்திருக்கும் வேறு குழுவுக்குப் போய்விடும். நாலு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். மகளின் பெரிய நாள், நான் இல்லாமல் எப்படி என்று ரயிலேறினேன். பாண்டியம்மாள் ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினாள்.

"அங்கன போயி வாயத் தொறக்காதய்யா. புள்ள பேசுறதக் கேட்டுட்டு வெரசா வந்து சேரு."

தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அதுதான்.

காலையில் போய் இறங்கினால் சுகந்தியின் குரல் லேசாகக் கரகரத்தது. "ஒண்ணுமில்லப்பா, சுடுதண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்றாள். அவளை அப்படியே விட்டிருந்தால் உங்களுக்குப் படிக்க இது கிடைத்திருக்காது. என் பையில் காந்தாரி மிளகாய் இருந்தது. மலையில் விளைகிற குட்டி மிளகாய், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், கோபம் மட்டும் பெரியது. எஸ்டேட் காவலுக்கு இருக்கிற சேட்டன் ஒருவர் தொண்டைக்கு அதுதான் மருந்து என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு காந்தாரியை நசுக்கித் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். மலைக்காற்றுத் தொண்டைக்கு ஒன்று சரி, சென்னைப் புகை குடித்த தொண்டைக்கு ஒன்று எப்படிப் போதும்? பதினொன்று போட்டேன்.

அப்பா கொடுத்தது என்பதால் ஒரே வாயில் விழுங்கினாள். (அதற்குப் பிறகு நான் கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்துதான் குடிக்கிறாள்.)

விழுங்கியவள் வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, குரல் மட்டும் வரவில்லை.

மத்தியானம் டேவிட்டும் நவீனும் வந்தார்கள். சுகந்தி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை.

"நான் படிக்கிறேன்" என்று நவீன் முயற்சி பண்ணினான். நல்ல பையன். ஆனால் கவிதை எங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தது. அதில் வரும் 'ஆத்தா'வை அவன் சொன்னதைக் கேட்டால் தீமிதிக்கு ஆள் கூப்பிடுவதுபோல இருந்தது. சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு மாத உழைப்பு என் பதினொரு மிளகாயில் போய்க்கொண்டிருந்தது.

"நான் சொல்றேன்ப்பு" என்றேன். "எனக்கு முழுசா மனப்பாடம்."

அதுவும் பொய்தான். அவள் போனில் அந்தக் கவிதையை எனக்குச் சொல்லியிருந்தாள், பலமுறை. ஒவ்வொரு தடவையும் நாலாவது வரியில் நான் "அருமை ஆத்தா" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிடுவேன். எனக்குத் தெரிந்தது அந்த நாலு வரிதான்.

வேறு வழியில்லை. எனக்குப் படிக்க வராது என்பதைப் பதற்றத்தில் மறந்து, சுகந்தி மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள், எங்கே ஆரம்பிப்பது, எங்கே விடுவது என்று. அவளுக்குக் குரல் இல்லை, எனக்குப் படிப்பு இல்லை. அவள் பக்கம் பக்கமாகக் காட்டினாள், நான் பக்கத்துக்கு ஒரு முறை தலையாட்டினேன். டேவிட்டுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"சார், ரொம்ப ஈஸி. என் தட்டை மட்டும் கேளுங்க. நான் எப்படித் தட்டுறேனோ அப்படிப் போங்க."

"தம்பி, இத எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மை அது.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. மேடம் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். சுகந்தி மேடை ஓரத்தில். நவீன் மெல்ல ஊத ஆரம்பித்தான். எனக்குப் பின்னால் டேவிட் குச்சியால், டக் டக்.

ரெண்டு தட்டு. கிளம்பினேன்.

"அஞ்சு மணிக்கு ஜீப்பு வரும், ஆத்தா ஏறி..."

டக்.

ஒரு தட்டு. நின்றேன்.

டக் டக்.

"...போவா. தூக்குச்..."

டக்.

நின்றேன். யாராவது இறங்குகிறார்களோ என்று ஒரு பார்வைகூடப் பார்த்தேன். டக் டக். "சட்டி". டக். டேவிட்டுக்கு நான் தாளத்துக்குள் வரவில்லை என்று தோன்றியிருக்கிறது. என்னை இழுத்துவிடலாம் என்று வேகமாக அடித்தான். அவன் வேகமாக அடிக்க அடிக்க நான் அடிக்கடி நின்றேன். 'மட்டும்' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று இடத்தில் நின்றேன். டவுன் பஸ்கூட அத்தனை ஸ்டாப்பில் நிற்காது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கோளாறு கண்ணாடியில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது.

கடைசியில் டேவிட் பொறுமை இழந்து இரண்டு குச்சியாலும் டர்ர்ர்ர் என்று விடாமல் அடித்தான்.

விடாமல் தட்டினால் என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, பிசகாமல், பின்னால் நடந்தேன். நவீன் ஊதிக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டான். டேவிட் பயத்தில் இன்னும் வேகமாக அடித்தான். எனக்கு அது இன்னும் இடம் இருக்கிறது என்று கேட்டது. போய்ப் பித்தளைத் தாம்பாளம்போல் தொங்குகிற ஒன்றில் முதுகை இடித்தேன். ஜாங்!

ஒரே தட்டு. நின்றேன்.

சபை சிரித்தது. மேடம் நோட்டை மூடினார். அந்த நோட்டு மூடுவதைச் சுகந்தி பார்த்தாள். நான் சுகந்தியைப் பார்த்தேன். அழுவாள், இல்லையென்றால் இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் லீவு விட்டால் ஆத்தாவோடு ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் அவள். தகரத்தில் தட்டுகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சென்னையில் என் வியாதி தெரிந்த ஒரே ஆள்.

விறுவிறு என்று மேடையேறினாள். டேவிட் கையிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கினாள். அவனுக்குக் கண்ணால் ஏதோ சொன்னாள். அவன் மற்றக் குச்சியையும் வைத்துவிட்டு, சின்னத் துடைப்பம் மாதிரி ஒன்றை எடுத்து, சத்தம் வராமல் தேய்க்க ஆரம்பித்தான். சுகந்தி என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, டிரம்ஸுக்குப் பக்கத்தில், திரைக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் நிறுத்தினாள். அதற்குள் அவள் தொண்டையில் காற்றாவது வர ஆரம்பித்திருந்தது. என் காதில் ஒரு வரியை ஊதிவிட்டு, டிரம்மின் விளிம்பில் டக் டக் என்று தட்டினாள்.

போனேன். வரி முடிந்ததும் டக். நின்றேன். நின்ற இடத்தில் நவீன் ஊதினான். மறுபடி காதில் காற்று, மறுபடி டக் டக். ஜீப் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. இப்படித்தான் நான் முதன்முதலாக நாலாவது வரியைத் தாண்டினேன்.

"ஓட்டுறது எங்கப்பன்" என்று ஊதினாள். "ஓட்டுறது எங்கப்பன்" என்று உரக்கச் சொன்னேன்.

"திரும்பிப் பாக்க மாட்டான்."

சொன்னேன்.

"பின்னால நாங்க இருக்கோம்னு..."

சொன்னேன்.

"தட்டித்தான் சொல்லணும்."

ரெண்டு தட்டு விழுந்தது. நான் போகவில்லை. மறுபடி ரெண்டு தட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் வண்டி தட்டுக்குக் கிளம்பாமல் நின்றது. அப்புறம் எப்படியோ சொல்லி முடித்தேன். குரல் கொஞ்சம் இழுத்தது. (மிளகாய் நெடி.)

அப்புறம் கைதட்டினார்கள்.

அறுபது பேர். விடாமல்.

என் கால் என்னைக் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பினேன், பின்னால் கறுப்புத் திரை, தாராளமாக இடம். ரிவர்ஸில் போனேன். அவர்கள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த மூன்று படியையும் தாண்டி, டிரம்ஸ் வைக்கிற பெட்டிகள் மேல் மல்லாக்க விழுந்தேன். டம்! ஒரே தட்டு. நின்றேன். கைதட்டல் இன்னும் பலமானது. எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

மேடம் ஓடி வந்து தூக்கிவிட்டார். எலும்பு எதுவும் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அந்த மூன்று பேருக்குத்தான் என்று அங்கேயே சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எப்ப வேணாலும் வரலாம். முன்வரிசைல சீட் போட்டு வைக்கிறேன். கீழ." அந்த 'கீழ'யை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

நான் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே, நான் விழுந்ததை யாரோ எடுத்த வீடியோ வந்து சேர்ந்திருந்தது. போன மாதம் சிலமலையில் என் அக்கா மகன் கல்யாணம். தாய்மாமன் என்று மேடையேற்றி எனக்குச் சால்வை போட்டார்கள். சனம் கைதட்டக் கையைத் தூக்கியது. பந்தலின் அந்தக் கோடியிலிருந்து பாண்டியம்மாள் கத்தினாள்.

"தட்டாதீங்கப்பா! பின்னால சமையக்கட்டு இருக்கு, அடுப்பு எரியுது!"

இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எனக்கு யாரும் கைதட்டுவதில்லை. மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். ஜீப் ஸ்டாண்டில் நான் டீ கிளாஸோடு நின்றால், பக்கத்து வண்டித் தகரத்தில் எவனாவது டர்ர்ர் என்று தட்டிப் பார்ப்பான். டீயோடு ஒரு எட்டு பின்னால் வைத்துவிடுவேன். அதைப் பார்க்க ராசிங்காபுரத்திலிருந்து ஆள் வருகிறது என்கிறார்கள். இந்த விஷயத்தில் என் தரப்பு நியாயம் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த அறுபது பேரில் யாராவது ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால், நான் அந்தப் படிக்கு முன்னாலேயே...

"இந்தாய்யா, மககிட்ட கதை அளந்தது போதும்! எல்லாரும் ஏறியாச்சு, எஸ்டேட்டுல தேடுவாக. வண்டிய எடு!"

பாண்டியம்மாள்தான். ஜீப்பில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது ஓரத்தில். நான் பார்த்ததைப் பார்த்து, "என்னய்யா, புதுசா?" என்கிறாள்.

டக் டக்.

வர்றேன் சுகந்தி ஆத்தா. ரெண்டு தட்டு விழுந்திருச்சு.