சான்று: அறை எண் இரண்டு

சொந்தச் சரக்கர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. இவர்கள் பொய் சொல்வதில்லை. அந்தப் பழியை மட்டும் இவர்கள்மேல் போடாதீர்கள். கண்ணால் கண்டதைத்தான் சொல்வார்கள். ஆனால் கண்டது குண்டுமணி அளவு இருந்தால், அதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவு பூசணிக்காய் அளவு இருக்கும். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஜப்பான்காரன் ஏன் முன்னேறினான் என்று விளக்கி முடித்தாரே, அவர் வேறு யாராம்? முன்பெல்லாம் சேதம் பந்தியோடு போயிற்று. இப்போதோ யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தையே திறந்து வைத்திருக்கிறார்களே, இவர்கள் சும்மா இருப்பார்களா?

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் சின்னதாகக் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் வேலுமணி அப்படி உள்ளே போனவர்தான். வந்து தங்குகிற இஸ்ரேல்காரர்களோடு பேசிப் பேசி ஆசை பிடித்து, புத்தகங்களை வரவழைத்துக் கண் பூத்துப்போகப் படித்து, ‘யூதச் சிந்தனையில் ஓய்வுநாள்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை, சும்மா சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை அது கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வருவதாக இருந்தது. பஸ் கண்டக்டரிலிருந்து பழனியிலிருக்கும் மச்சினர்வரை எல்லாரிடமும் சொல்லியாயிற்று. “ரூம் வாடகைக்கு விடுறவருக்கு இந்தச் சோலி எதுக்கு?” என்று ஒரு காதுகுத்தில் அத்தனை பேர் நடுவில் கேட்டவர் அந்த மச்சினர். கட்டுரை வராமல் போனால் வேலுமணி இனிப் பழனிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இடைஞ்சலாக நின்றது ஒரே ஒரு வரி: ‘யூத மெய்யியலின் சாரம் அண்டைவீட்டாரின் தயவே.’ அதற்கு அடிக்குறிப்பு: ‘நேரில் கண்டது. வட்டக்கானல், அறை எண் இரண்டு.’

அப்படி என்ன கண்டார்? ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபின் அந்த அறையில் தங்கியிருந்த பையன் வாசலில் வந்து நின்று, அறை ரொம்ப இருட்டாக இருக்கிறது என்றான். அவ்வளவுதான். வெள்ளி மாலையிலேயே தொடங்கிவிடும் யூத ஓய்வுநாளில் அவன் சுவிட்சைத் தொடமாட்டான், போடு என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான். வேலுமணி போய் விளக்கைப் போட்டார். போட்டவருக்கு மேனி சிலிர்த்துவிட்டது. வாரத்தில் ஒருநாள் நம் கையைக் கட்டிப்போடுவது எதற்கு? பக்கத்தில் இன்னொரு கை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே! ஆயிரமாயிரம் ஆண்டுச் சிந்தனையை ஒரே சுவிட்சில் அடக்கிவிட்டார் மனிதர்.

கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருக்கும் ஹபீபும் அதே கலைக்களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். முதற்பக்கத்துக்குப் போகும் கட்டுரைகளைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. ‘மதிப்பிற்குரிய பயனருக்கு வணக்கம். சொந்த ஆய்வு இங்கு ஏற்கப்படுவதில்லை. அன்புகூர்ந்து நீக்குக’ என்று உரையாடல் பக்கத்தில் எழுதினார். அன்று சாயங்காலமே மதிப்பிற்குரிய பயனர் கடைவாசலில் வந்து நின்றார்.

“பாய், கண்ணால பாத்தேங்க!”

“பாத்தது ஒரு பையனைண்ணே. எழுதுனது ஒரு மதத்தை. வெரசா அந்த வரியத் தூக்குங்க.”

வேலுமணி அசருவாரா? மறுநாள் இரண்டு தடிப் புத்தகங்களோடு வந்தார். “இதுல ஓய்வைப் பத்தி இருக்கா? இந்தா, இதுல அக்கம்பக்கத்தாரைப் பத்தி இருக்கா? ரெண்டையும் சேத்தது மட்டுந்தான் நான்.”

“வாழைப்பழத்தை ஒரு கடையில வாங்கி, சர்க்கரைய ஒரு கடையில வாங்கி நீங்க பெசைஞ்சா, பஞ்சாமிர்தம் செஞ்சது யாருண்ணே? அந்தக் கடைக்காரங்களா?”

பழனி வீட்டு மாப்பிள்ளையிடமே பஞ்சாமிர்தக் கணக்கு!

ஆனால் சொந்தச் சரக்கர் பின்வாங்கினார் என்று சரித்திரம் கிடையாது. அச்சில் வந்தால்தானே ஆதாரம்? அச்சேற்றிவிட்டால் போயிற்று! வணிகர் சங்கத்தில் ஆண்டு மலருக்குப் பக்கம் நிரம்பாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டு மலரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? தலைவர் படத்துக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ‘அறிஞர் ஒருவர் கூறுவதுபோல்’ என்று ஆரம்பித்துத் தன் வரியைத் தானே மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை கொடுத்தார். புதன்கிழமை மலர் வெளிவந்தது. அன்றைக்கே கலைக்களஞ்சியத்தில் அடிக்குறிப்பும் ‘வணிகர் சங்க ஆண்டு மலர்’ என்று மாறியது.

மலரின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஹபீப் காத்திருந்தார். “என் கம்பளி வெளம்பரத்துக்கு நேர் கீழ வந்திருக்கு. யாருண்ணே அந்த அறிஞரு?”

வேலுமணி, கடையில் அடுக்கியிருந்த கம்பளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஹபீப் சிரிக்கவில்லை. “வரி நல்லாருக்குண்ணே. படிச்சப்ப எனக்கே என்னமோ பண்ணுச்சு. அதான் பயமாருக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை, யூத ஞானிங்க சொன்னதுன்னு பரிச்சையில எழுதி வைக்கும். சொன்னது நீங்கதானே?”

வியாழக்கிழமை வேலுமணி அந்த வரியை எடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வருகிறவர் மாதிரி மனசு கனத்துத்தான் எடுத்தார். வெள்ளிக்கிழமை கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. பழனியிலிருந்து போனும் வந்தது. “மாப்ளே, படிச்சேன். ஒங்கள என்னமோன்னு நெனச்சுட்டேன், கெட்டிக்காரருதாங்க!”

காது குளிரக் கேட்டுவிட்டு, கைபேசியை மனைவி பாண்டிச்செல்வியிடம் நீட்டினார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்ற வாக்கிலேயே கடைசிவரை படித்தாள்.

“நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நீங்க எழுதுன மாதிரியே இல்லைங்களே!”

கலைக்களஞ்சியத்தில் எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. வேலுமணி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

போகட்டும், உங்கள் கதைக்கு வாருங்கள். ‘கெஸ்ட் ஹவுஸ்காரர்களே இப்படித்தான்’ என்று இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்களே? ‘எங்கள் சித்தப்பாகூட அப்படியே’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லவும் வாயைத் திறந்திருப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எந்த நூல், எந்தப் பக்கம் என்பதை மட்டும் ஹபீப் பாயிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடை எட்டு மணிவரை திறந்திருக்கும்.