கேப்டன் வீடு ஒழுகுகிறது

வாளி நிரம்ப இருபது நிமிடம் ஆனது. நேற்று வரை அரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. குழந்தைராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். தலையணை வைக்கும் இடத்தில்தான் சொட்டு விழுந்தது. கட்டிலை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் தேடிக்கொண்டு வந்து விழுந்தது. ஆவணி மாதத்து அரைகுறை மழைக்கே இந்தக் கதி.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து நன்னிலத்தில் ஓய்வு பெற்றவர். நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால், யார் வந்து கெஞ்சினாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த விவசாயிகள் விட்ட சாபமெல்லாம் சேர்ந்துதான் இப்போது கூரை வழியாக இறங்குகிறதோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

கட்டில் மகள் ரோஸ்லினுக்காகப் போட்டது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஐப்பசியில் அழைத்து வர வேண்டும், கார்த்திகையில் பிரசவம். மயிலாடுதுறையில் மூன்றாவது மாடி அடுக்ககத்தில் இருக்கும் சம்பந்தியம்மா, "உங்க வீடு பழைய வீடு, சிரமப்படாதீங்க, நாங்களே பார்த்துக்கிறோம்" என்று மூன்று முறை போன் செய்துவிட்டார். தலைப்பிரசவத்துக்குக்கூடப் பெண்ணை வைத்துப் பார்க்க வக்கில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. குழந்தைராஜ் அன்றே இராஜாங்கம் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

இராஜாங்கத்துக்கு எழுபத்தைந்து வயது. தரங்கம்பாடியில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்று அவர் ஒருவர்தான். அதிகம் பேசமாட்டார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்கட்டு அறையின் தளத்தைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டால் பத்து நாளில் முடித்துவிடலாம் என்றார்.

பத்து நாளில் முடிந்திருக்கும், அது சாதாரண வீடாக இருந்திருந்தால். கோட்டைக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில் அதற்குக் கேப்டன் வீடு என்று பெயர். மனைவி அக்னஸின் அப்பா ஜெக்கரியா வாத்தியார் ஒரே மகளுக்கு விட்டுப்போன வீடு. டேனிஷ்காரர்கள் காலத்தில் ஒரு கப்பல் கேப்டன் கட்டியது என்று வாத்தியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த குழந்தைராஜ், மனைவியோடு சேர்த்து அந்தக் கேப்டனையும் சீதனமாக வாங்கிக்கொண்டார். முப்பது வருடமாகத் தெருவில் கேமராவோடு போகும் வெளியூர்க்காரர்களையெல்லாம் நிறுத்தி, கேப்டன் நின்று கப்பலைப் பார்த்த ஜன்னலைக் காட்டினார். கேப்டனுக்கு ஒரு கால் கிடையாது என்பது மட்டும் அவர் சொந்தமாகச் சேர்த்தது.

அந்தத் தெருவில் நூறு வயதுக்கு உட்பட்ட வீடென்றால் ஒரு மனு, ஒரு கையெழுத்து, வேலையை ஆரம்பித்துவிடலாம். நூறைத் தாண்டினால் நிபுணர் குழு வர வேண்டும். எதிர்வீட்டு ஆமினா நிபுணர் குழுவுக்கு எழுதிப்போட்டுவிட்டு நான்கு வருடமாகத் தார்ப்பாயின் கீழ் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

குழந்தைராஜ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேற்படி வீடு தன் மாமனாரால் சுமார் அறுபது வருடங்களுக்கு முன்பு கட்டப்பட்டது என்று எழுதினார். அறுபது என்ற எண்ணை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. அது வாயில் வந்தது.

"கர்த்தருக்கு முன்னாடி இப்படி ஒரு பொய்யா?" என்றாள் அக்னஸ்.

"பேரப்பிள்ளைக்காகத்தானே."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இராஜாங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பச் சண்டையில் மூன்றாம் மனிதனுக்கு என்ன வேலை என்பதுபோல டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சபையாக எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யும்போது, அக்னஸ் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பித் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனு போன வேகத்தில் பதில் வந்தது. அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை ஆள் வந்து பார்ப்பார்கள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற வீட்டையே பொய்யாக மாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் முன்சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசச் சொன்னார். அது நிற்காது என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். வியாழக்கிழமை வரை நின்றால் போதும் என்றார் குழந்தைராஜ். பூசி, அதன்மேல் பச்சை பெயின்ட் அடித்ததும் வீடு பஞ்சாயத்துக் கழிப்பறை போல ஆனது. அவருக்கு அதுவே திருப்தியாக இருந்தது.

"அதிகாரி வந்தா நீங்க வாயைத் திறக்கக் கூடாது மேஸ்திரி. என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

"சரிங்க சார். நான் எதுக்குப் பேசப்போறேன்."

அடுத்து கொல்லையில் கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல். ஆள் நீளத்துக்குக் கறுப்புக் கல், ஓரமெல்லாம் கொடி கொடியாகச் செதுக்கியிருக்கும். அறுபது வருடத்து வீட்டில் இப்படி ஒரு கல் இருக்குமா? வியாழக்கிழமை காலையில்தான் அது அவர் கண்ணில் பட்டது. புரட்டிப் போட்டால் கொடி மண்ணுக்குள் போய்விடும் என்று கடப்பாரையை எடுத்தார்.

மேஸ்திரி முதல்முறையாகத் தடுத்தார். "அதை மட்டும் புரட்டாதீங்க சார்."

கனத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக் குழந்தைராஜ் தானே ஒரு பக்கம் கை கொடுத்தார். கல் பக்கவாட்டில் நிமிர்ந்து நின்ற நேரம் பார்த்து, சந்து வழியாக அந்த அதிகாரி உள்ளே வந்தாள். எழில்மொழி என்று பெயர், முப்பது வயதிருக்கும். கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு கப்பல், அதன்கீழ் நான்கு வரி அந்நிய எழுத்து, கடைசியில் 1742. அக்னஸ் இத்தனை வருடமாக ஒரு கல்லறைக் கல்லின் முதுகில்தான் பாவாடை துவைத்திருக்கிறாள்.

எழில்மொழி கல்லின் முன் மண்டியிட்டுவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. குழந்தைராஜுக்கும் கலங்கியது, காரணம்தான் வேறு.

அவர் தளர்ந்துவிடவில்லை. மாமனாரின் பெட்டியிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினார். 1966-இல் ஜெக்கரியா வாத்தியார் வாங்கியது காலிமனை என்று தெளிவாக எழுதியிருந்தது. எழில்மொழி சிரித்தாள்.

"முத்திரைத்தாள் செலவைக் குறைக்க அப்போ எல்லாரும் காலிமனைன்னுதான் சார் எழுதுவாங்க. திருவிடைமருதூர்ல எங்க தாத்தா வாங்கின மாடி வீடே பத்திரத்துல காலிமனைதான்."

குழந்தைராஜும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழில்மொழி முன்சுவரில் லேசாகச் சாய்ந்தாள். கதவளவுக்குப் பச்சைச் சிமென்ட் பொத்தென்று கழன்று விழுந்தது. உள்ளே சுண்ணாம்பு வெள்ளைவெளேர் என்று இருந்தது. அவள் அதை விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தாள். அரைத்த சுண்ணாம்பு, அசல் வேலை என்றாள். ஓரமாக நின்ற இராஜாங்கத்தின் முகத்தில் இலேசாக ஒரு பெருமை தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

கடைசி முயற்சியாகக் குழந்தைராஜ் அவளைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். அசல் பழைய வீடுகளைக் கண்ணால் பார்த்தால் தன் வீடு புதுசு என்று அவளுக்கே தெரிந்துவிடும் என்பது கணக்கு. எந்த வாசலில் என்ன தேக்கு, எந்தத் தூணில் யார் பெயர், எந்தச் சுவரைக் கடல் எந்த வருடம் தொட்டது என்று கோட்டை மதில்வரை ஒரு மணி நேரம் காட்டினார். இந்தத் தெருவை இவ்வளவு நேசிக்கும் மனிதர் இதே தெருவில் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருக்கே கஷ்டமாக இருந்தது. எழில்மொழி ஒவ்வொரு வாசல் வளைவையும் டேப் வைத்து அளந்தாள். அடுத்த வீட்டு வளைவும் கேப்டன் வீட்டு வளைவும் ஒரு அங்குலம்கூட மாறாமல் இருந்தன.

"ஒரே கை, ஒரே காலம்" என்று எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் தன் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். ஏழு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சுற்றுலாப் பையன் எடுத்தது. அதில் குழந்தைராஜ் ஜன்னலருகே ஒற்றைக் காலில் நின்று, கேப்டன் எப்படிக் கப்பலைப் பார்த்தார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"நீங்க ஏன் மறைக்கிறீங்கன்னு புரியுது சார். வீட்டை எடுத்துக்குவாங்கன்னு பயம். எடுக்க மாட்டோம், பாதுகாப்போம்" என்றாள் அன்பாக. "ஆட்சேபம்னா ஆர்டர் வந்து முப்பது நாளைக்குள்ள சொல்லலாம். ஆனா அந்தக் கல்லுக்கு அப்புறம் யார் சொன்னாலும் எடுபடாது. வீட்டைக் கட்டினவரே நேர்ல வந்து சொன்னாத்தான் உண்டு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

இராஜாங்கம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். போன மாதம் அவர் வேறொரு அதிகாரியை மறித்து, முதியோர் உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று அரை மணி நேரம் கேட்டது குழந்தைராஜுக்கு நினைவு வந்தது.

"மேஸ்திரி, போய் நாலு டீ வாங்கிட்டு வாங்க."

மேஸ்திரி தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

புரட்டாசியில் ஆர்டர் வந்தது. அடுத்த வாரம் வாசலில் நீலப் பலகை வந்தது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். தளத்தைப் பிரிப்பது இருக்கட்டும், சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும். நிபுணர் குழு எப்போது வரும் என்று கேட்டதற்கு, ஆமினா வீட்டுக்கு அடுத்தது இதுதான் என்று சொன்னார்கள். பலகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் தினமும் வந்தார்கள். கிணற்றடிக் கல்லைப் படம் எடுத்தார்கள், வாளியையும் எடுத்தார்கள்.

அக்னஸ் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். துணி துவைப்பதையும் நிறுத்தியிருந்தாள், ஏனென்றால் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள்.

ஐப்பசி மூன்றாம் தேதி ரோஸ்லினை அழைத்து வந்தார்கள். நான்காம் தேதி மழை பிடித்தது. இரவும் பகலும் விடாமல் பெய்ததில் ஒரு சொட்டு ஐந்து சொட்டாயிற்று. கட்டிலுக்குமேல் குடை கட்டினார் குழந்தைராஜ். ரோஸ்லின் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே கார் வந்துவிட்டது. சம்பந்தியம்மா காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"அழாதீங்கப்பா, பிள்ளை பொறந்ததும் வரேன்" என்றாள் ரோஸ்லின்.

அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். வாழ்நாளெல்லாம் ஈரம் அதிகம் என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார், இப்போது அதே காரணத்துக்காகத் தன் பெண்ணே திரும்பிப் போகிறாள். கார் கோட்டைப் பக்கம் திரும்பும்வரை வாசலில் நின்றார். உள்ளே அக்னஸ் நனைந்த மெத்தையைத் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்டரை எடுத்துத் தேதியைப் பார்த்தார். முப்பது நாள் நேற்றோடு முடிந்திருந்தது.

அப்போது இராஜாங்கம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். விட்டுப்போன கரண்டியை எடுத்துக்கொண்டு போக வந்தவர், பலகையின் முன்னால் நின்றார்.

"என்னங்க சார் எழுதியிருக்கு? கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன்."

"ஆயிரத்து எழுநூத்து நாப்பத்திரண்டுக்கு முன்னாடி ஒரு கேப்டன் கட்டுன வீடுன்னு எழுதியிருக்கு."

"ஓ" என்றார் மேஸ்திரி. குடையை மடக்கினார். உள்ளே மெத்தை இழுபடும் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மனுவுல அறுபது வருஷம்னு எழுதுனீங்களே, சரியாத்தானே எழுதியிருக்காருன்னு நானும் சும்மா இருந்துட்டேன். அந்தக் கல்லைக் கடற்கரையிலேர்ந்து மாட்டுவண்டியில ஏத்திட்டு வந்ததும், பக்கத்து வீட்டு வளைவைக் கயித்தால அளந்ததும் வெளிய தெரியக் கூடாதுன்னு உங்க மாமனார் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு, போதாததுக்கு நீங்களும் வாயைத் திறக்காதீங்கன்னுட்டீங்க. அறுபத்தேழுல இந்த வீட்டுக்குக் கடைக்கால் வெட்டுனதே நான்தானே சார்."