பணிப்பாளரின் சொந்த விலாசம்

சண்டிலிப்பாய் மயூரதன் ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தார். இனி இந்த வீட்டில் இலவச ஈமெயிலில் வியாபாரம் இல்லை.

வியாபாரம் மனைவி தக்சாயினியுடையது. அவள் வறுத்துத் திரிக்கிற கறித்தூள் லண்டன், கனடா வரைக்கும் போகிறது. மயூரதன் பைகளில் லேபல் ஒட்டுவார். அதனால் தன்னை நிர்வாகப் பணிப்பாளர் என்று சொல்லிக்கொள்வார்.

"சும்மா கிடைக்கிற விலாசத்தை வைச்சிருந்தால் எங்களை ஆர் மதிப்பினம்? காசு கட்டி, எங்கடை தூளின்ரை பேரிலையே சொந்த விலாசம் எடுத்திட்டன். உம்மடை பழையதை இண்டைக்கே மூடிவிடும்."

"ஓம்," என்றாள் தக்சாயினி.

பதினாறு வருசக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்தது இதுதான் முதல் தடவை. மனுசன் அப்போதே உசாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

புது லேபல் அடித்தார். புது விலாசத்தைக் கொட்டை எழுத்தில் போட்டார். மூன்று வாரம் காத்திருந்தார். ஒரு ஓடர்கூட வரவில்லை. ஈமெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் போன் சூடானதுதான் மிச்சம். தக்சாயினி மட்டும் முதல் இரண்டு வாரமும் தினமும் வறுத்தாள். கேட்டால், "ஊர்க் கடையளுக்கு" என்பாள்.

மயூரதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வருசமாக அவள் புகைக்குள் நின்று வளர்த்த வியாபாரம். தன் பவுசுக்காக அதைக் கெடுத்துவிட்டோமே என்று மனம் குமைந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு ஓடர் வந்தது. லண்டனிலிருந்து பத்மாவதி என்றொருத்தி. 'பன்னிரண்டு கிலோ தூள் வேண்டும். பணிப்பாளர் ஐயா தன் கையாலேயே வறுத்ததாக இருக்க வேண்டும்.'

"பாத்தீரோ? இலவச விலாசத்துக்கு 'ஐயா' எண்டு ஆரும் எழுதுவினமே?"

"எழுதமாட்டினம்தான்," என்று தக்சாயினி வறுக்கிற தாச்சியை அவர் பக்கம் தள்ளினாள்.

வறுத்தார். செத்தல் மிளகாய் நெடியில் அவர் தும்மிய தும்மலுக்கு அடுத்த வீட்டு வளவு நாய் குரைத்தது. தக்சாயினி பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததை அவர் அப்போதுதான் கண்டார்.

"கையிலை என்ன?"

"ஒரு கிழமையா நோகுது. கரண்டி பிடிக்கேலாது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அந்தப் பெட்டியைப் பாத்துப் பாத்து வாடிப்போயிருந்தியள். இதையும் எப்பிடிச் சொல்லுறது?"

மயூரதன் திரித்து, பை கட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: "பத்மாவதி அக்கா வீட்டு விலாசம் எழுதேல்லையே. எங்கை அனுப்புறது?"

தக்சாயினி தன் போனை நீட்டினாள். பழைய பெட்டி மூடப்படவே இல்லை. உள்ளே இந்த வாரம் லண்டன், கனடாவிலிருந்து வந்த ஒன்பது கடிதங்கள். எல்லாம் 'தக்சா, அம்மாவின்ரை முழங்கால் எப்பிடி?' என்று தொடங்கி, கடைசி வரியில் தூள் கேட்பவை. கூட்டினால் சரியாகப் பன்னிரண்டு கிலோ.

"அப்ப பத்மாவதி?"

"நான்தான். இன்னொரு பெட்டி திறக்க ரெண்டு நிமிசம். அதுவும் இலவசம்."

மயூரதனுக்குக் கோபம் வரவில்லை. வியாபாரம் கெடவில்லை என்ற நிம்மதியில் அவளுடைய நோகிற கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"தூள் நல்ல பதம்," என்றாள் அவள். "அடுத்த ஓடரையும் பத்மாவதி உங்கடை விலாசத்துக்கே அனுப்புவா."